மருந்துக்கு மசியாத காசநோய்

53 பேரில் பிழைத்தவர் ஒருவரே!
மண்ணிலும் ஆராய்ச்சிசாலையிலும் மருந்து தேடியவர்களின் கதை

தென் ஆப்பிரிக்காவில் டுகேலா என்று ஓர் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் ஒரு சிற்றூர். ஊரின் பெயர் டுகேலா பெர்ரி. சுற்று வட்டாரத்து ஏழை மக்களுக்கெல்லாம் அந்த ஊரில் உள்ள ஆஸ்பத்திரிதான் கதி.

2005-ஆம் ஆண்டில் அங்கே ஒரு விபரீதம் தெரிய வந்தது.

காசநோய்க்காகச் சேர்ந்தவர்களில் சிலருக்கு மருந்து பலிக்கவில்லை. வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் தணியவில்லை. இருமல் நிற்கவில்லை. உடம்பு நாளுக்கு நாள் உருகியது.

டாக்டர்கள் நோயாளிகளின் சளியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். 2005 ஜனவரி முதல் 2006 மார்ச் வரை இந்தச் சோதனை நடந்தது. 53 பேருடைய சளியில் ஒரு பொல்லாத காசநோய்க் கிருமி இருந்தது. காசநோய்க்கு என்று கையிருப்பில் இருந்த முக்கியமான மருந்துகள் எல்லாவற்றையும் அந்தக் கிருமி எதிர்த்து நின்றது.

அந்த 53 பேரில் 52 பேர் இறந்து போனார்கள்!

சளி கொடுத்த நாளிலிருந்து பதினாறு நாட்களுக்குள் பாதிப் பேர் போய்விட்டார்கள். சளியில் உள்ள கிருமியை வளர்த்து, மருந்து போட்டுப் பார்த்து, முடிவு சொல்ல வாரக் கணக்கில் ஆகும். சோதனை முடிவு வந்து சேர்ந்தபோது, அதைக் கேட்க நோயாளி இல்லை.

அவர்களில் எச்.ஐ.வி. சோதனை செய்து கொண்ட அத்தனை பேருக்கும் அந்தக் கிருமியும் இருந்தது. நோயை எதிர்க்கும் சக்தியை அது முன்னமே அரித்துவிட்டது. ஆகவே சாவு விரைந்து வந்தது. ஆனால் டாக்டர்களைத் திடுக்கிட வைத்த சேதி வேறொன்று. அந்த நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதற்கு முன் காசநோய் மருந்தே சாப்பிட்டது கிடையாது. அப்படியானால், மருந்துக்கு மசியாத கிருமி அவர்கள் உடம்பில் உண்டானது அல்ல. பிறர் இருமியபோது காற்றோடு வந்து புகுந்த கிருமி அது!

மருந்து இருந்தும் மனிதர்கள் ஏன் செத்தார்கள்? கிருமிக்கு இந்தப் பலம் எங்கிருந்து வந்தது? அதைத் தெரிந்துகொள்ள, முதல் மருந்து வந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எருப் போட்ட மண்ணில் ஒரு மருந்து

எலும்புருக்கி நோய் என்றும், க்ஷயரோகம் என்றும் நம் பெரியவர்கள் சொன்னது இந்தக் காசநோயைத்தான். அது பரம்பரை நோய் என்றும், சாபத்தால் வருவது என்றும் வெகு காலம் நம்பினார்கள். 1882 மார்ச் 24-ந் தேதி, ஜெர்மனியைச் சேர்ந்த ராபர்ட் கோக் என்ற டாக்டர், இது ஒரு கிருமியால் வரும் நோய் என்று நிரூபித்துக் காட்டினார். கிருமியைக் கண்டுபிடித்தாகிவிட்டது. அதைக் கொல்லும் மருந்து வருவதற்கு மேலும் 61 ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி என்ற ராஜ்யத்தில் ரட்ஜர்ஸ் பல்கலைக் கழகம் இருக்கிறது. அங்கே மண் ஆராய்ச்சி நிபுணராக இருந்தவர் செல்மன் வாக்ஸ்மன். ஒரு பிடி மண்ணில் கோடிக் கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை இடத்துக்காகவும் இரைக்காகவும் ஒன்றோடொன்று போராடுகின்றன. போராட்டத்தில் ஒரு நுண்ணுயிர் மற்றொன்றைக் கொல்ல விஷம் கக்குகிறது. அந்த விஷம் நோய்க் கிருமியைக் கொன்று, மனிதனைக் கொல்லாமல் விட்டால், அதுவே மருந்து! ஆன்டிபயாட்டிக் என்று நாம் சொல்லும் மருந்துகள் பல, இப்படி வந்தவைதான்.

வாக்ஸ்மனிடம் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் இருந்தார். வயது 23. காசநோய்க் கிருமியோடு பழகுவது ஆபத்தான வேலை. ஆகவே, கட்டிடத்தின் அடித்தளத்தில் ஓர் அறையில் அவர் தனியே ஆராய்ச்சி செய்தார்.

1943 அக்டோபரில் அவருக்கு வெற்றி கிட்டியது. எரு நிறையப் போட்ட வயல் மண்ணிலும், ஒரு கோழியின் தொண்டையிலும் எடுத்த நுண்ணுயிர்கள் ஒரு மருந்தைச் சுரந்தன. அதுதான் ஸ்ட்ரெப்டோமைசின். காசநோய்க் கிருமியை அடக்கிய முதல் ஆன்டிபயாட்டிக்!

இதற்காக 1952-இல் வாக்ஸ்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஷாட்ஸுக்கு அதில் பங்கு இல்லை.

ஐந்து ஆண்டு கழித்து வந்த அதிர்ச்சி

புது மருந்து உண்மையிலேயே பலன் தருகிறதா என்று பிரிட்டனில் 1947-இல் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கினார்கள். யுத்தம் முடிந்த நேரம். அமெரிக்காவிலிருந்து மருந்து வாங்கப் போதிய டாலர் இல்லை. கிடைத்த மருந்து கொஞ்சம். யாருக்குக் கொடுப்பது?

சீட்டுப் போட்டு எடுப்பது போல, நோயாளிகளைப் பாரபட்சம் இல்லாமல் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. 52 பேருக்கு வழக்கம்போல் படுக்கையும் ஓய்வும் மட்டும்.

ஆறு மாதம் ஆயிற்று. ஊசி போடாத 52 பேரில் 14 பேர் இறந்திருந்தார்கள். ஊசி போட்ட 55 பேரில் இறந்தவர்கள் 4 பேர்தான். எல்லோரும் மகிழ்ச்சி அடைந்தார்கள்.

ஆனால் டாக்டர்கள் அதோடு விட்டுவிடவில்லை. அந்த நோயாளிகளை ஐந்து ஆண்டு வரை கவனித்து வந்தார்கள். ஐந்தாவது ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது, ஊசி போடாதவர்களில் 35 பேர் மாண்டிருந்தார்கள். ஊசி போட்டவர்களில்? 32 பேர்! இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

என்ன நடந்தது?

ஊசி போட்ட முதல் சில வாரங்களில் நோயாளிகள் தேறினார்கள். பிறகு மருந்து வேலை செய்யாமல் நின்றுவிட்டது. கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது என்று சாதாரணமாகச் சொல்வார்கள். உண்மையில் நடப்பது வேறு.

நோயாளியின் நுரையீரலில் கோடிக் கணக்கான கிருமிகள் இருக்கின்றன. அவை பெருகும்போது இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில கிருமிகள் பிறவியிலேயே சற்று மாறிப் பிறக்கின்றன. அந்த மாறுதல், தற்செயலாக, ஒரு மருந்திலிருந்து தப்பும் சக்தியைத் தந்துவிடுகிறது. மருந்து கொடுக்கும்போது மற்ற கிருமிகள் எல்லாம் சாகின்றன. இந்த ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சுகின்றன. இப்போது இடமும் இரையும் அவற்றுக்கே சொந்தம். அவை பெருகுகின்றன. சில மாதங்களில் உடம்பு முழுவதும் மருந்துக்கு மசியாத கிருமிகளே!

பயிரை விட்டுக் களையை மட்டும் கொல்லும் மருந்து தெளித்தும் சில களைகள் தப்புவதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். தப்பிய களையின் விதைதான் அடுத்த போகத்தில் முளைக்கிறது. இதுவும் அப்படித்தான்.

இரண்டு காவலாளி

இதற்குப் பரிகாரம் என்ன? ஒரு மருந்துக்குப் பதில் இரண்டு, மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது!

வாசலில் ஒரு காவலாளி நின்றால் அவன் கண்ணுக்குத் தப்பி ஒரு திருடன் போகலாம். இரண்டு காவலாளிகள் நின்றால், இருவர் கண்ணிலும் மண்ணைத் தூவுவது கடினம். ஐசோநியாசிட் என்ற மருந்திலிருந்து தப்பும் கிருமி, ஏறக்குறைய 10 லட்சத்தில் ஒன்று. ரிபாம்பிசின் என்ற மருந்திலிருந்து தப்பும் கிருமி, ஏறக்குறைய 10 கோடியில் ஒன்று. இரண்டிலிருந்தும் ஒரே சமயத்தில் தப்பும் கிருமி, 100 லட்சம் கோடியில் ஒன்று! அவ்வளவு கிருமிகள் ஒருவர் உடம்பில் இருப்பதில்லை.

ஸ்வீடன் நாட்டின் யோர்கன் லேமன் கண்டுபிடித்த பி.ஏ.எஸ். என்ற மருந்தை ஸ்ட்ரெப்டோமைசினோடு சேர்த்துக் கொடுத்தார்கள். மருந்துக்கு மசியாத கிருமி உண்டாவது வெகுவாகக் குறைந்தது.

பிறகு ஐசோநியாசிட் வந்தது. இதன் கதை விசித்திரமானது. 1912-லேயே பிராக் நகரில் இரண்டு விஞ்ஞானிகள் இந்தப் பொருளைத் தயாரித்துவிட்டார்கள். அது காசநோயைக் கொல்லும் என்று அவர்களுக்குத் தெரியாது. சுமார் 40 ஆண்டுகள் அது கவனிப்பார் இல்லாமல் கிடந்தது! அதற்குள் எத்தனை லட்சம் பேர் இறந்தார்களோ!

நியூயார்க் நகரத்தைச் சேர்ந்த ஸீ வியூ ஆஸ்பத்திரியில் அதை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். பசிக்கிறது என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வார்டிலேயே நடனம் ஆடினார்கள். அந்தப் படங்கள் பத்திரிகைகளில் வெளியாகி, உலகம் அதிசயித்தது.

சென்னை காட்டிய வழி

மருந்து வந்துவிட்டது. அதை ஏழைகளுக்கு எப்படிக் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு விடை சொன்ன ஊர் சென்னை!

அந்தக் காலத்தில் காசநோயாளியை சானடோரியத்தில் சேர்ப்பதுதான் வழக்கம். அங்கே நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு எல்லாம் உண்டு. ஆனால் இந்தியாவில் நோயாளிகள் லட்சக் கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ மிகக் குறைவு.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அதை நிறுவின. வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கில டாக்டர் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தார்.

சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றொரு பிரிவு வீட்டிலேயே இருந்தது. வீடு என்றால், ஒரே அறையில் குடும்பம் முழுவதும் படுத்து எழும் வீடு. சத்துள்ள சாப்பாடு இல்லை. ஓய்வும் இல்லை. இரண்டு பிரிவுக்கும் ஓர் ஆண்டு வரை ஒரே மருந்துகள்.

ஆண்டு முடிவில் பார்த்தால், இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணம் அடைந்திருந்தன! வீட்டில் இருந்த நோயாளியால் மனைவி மக்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. மருந்து உள்ளே போகப் போக, நோயாளியிடமிருந்து நோய் பரவுவது குறைந்துவிடுகிறது என்பதே காரணம். 1959-இல் இந்த முடிவு வெளியாயிற்று. உலகம் எங்கும் சானடோரியங்களின் தேவை குறைந்தது. வீட்டிலேயே சிகிச்சை என்பது வழக்கமாயிற்று.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. வீட்டு நோயாளிகளை டாக்டர்கள் சும்மா விட்டுவிடவில்லை. சுகாதார ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போவார்கள். மீதி மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதிப்பார்கள். ஏன் இந்தக் கண்காணிப்பு? நோயாளி கெட்டவர் என்பதால் அல்ல. இருமல் நின்று, உடம்பு தேறியதும், மாத்திரையை மறப்பது மனித இயல்பு என்பதால்தான். பிற்காலத்தில், நோயாளி மாத்திரையை விழுங்குவதை ஒருவர் கண்ணால் பார்க்கும் முறை உலகம் முழுவதும் பரவியது. அதற்கு வித்திட்டவை சென்னையும் ஹாங்காங்கும்.

அந்த நிலையம், சென்னை சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் வளர்ந்து நிற்கிறது.

நாற்பது ஆண்டு மௌனம்

1957-இல் பிரான்ஸ் நாட்டின் தென் கடற்கரையில் ஒரு பைன் மரத் தோப்பிலிருந்து மண் எடுத்தார்கள். இத்தாலியில் மிலான் நகரத்து ஆராய்ச்சிசாலையில் பியரோ சென்சி என்ற விஞ்ஞானியின் குழு அதைச் சோதித்தது. அதில் கிடைத்த நுண்ணுயிர் தந்த பொருளைப் பல ஆண்டு திருத்தி, ரிபாம்பிசின் என்ற மருந்தைச் செய்தார்கள். அந்தக் காலத்தில் ‘ரிபிபி’ என்று ஒரு பிரெஞ்சு சினிமா சக்கைப்போடு போட்டது. மருந்துக்கு அந்தப் பெயரை ஒட்டித்தான் பெயர் சூட்டினார்கள்!

ரிபாம்பிசின் வந்த பிறகு, ஒன்றரை, இரண்டு ஆண்டு என்று நீண்ட சிகிச்சை ஆறு மாதமாகக் குறைந்தது. ‘இனி காசநோய் ஒழிந்தது’ என்று பணக்கார நாடுகள் நினைத்தன. மருந்துக் கம்பெனிகள் தேடுவதை நிறுத்தின. காசநோயாளிகள் பெரும்பாலும் ஏழைகள். அவர்களுக்கு மருந்து கண்டுபிடித்தால் லாபம் கிடைக்குமா?

ஏறத்தாழ 40 ஆண்டுகள், காசநோய்க்கென்று புது வகை மருந்து ஒன்றும் வரவில்லை. கிருமிகள் சும்மா இருக்கவில்லை. பாதியில் நிறுத்திய மாத்திரைகள், தவறாக எழுதிக் கொடுத்த மருந்துகள், சில மாதம் கிடைத்துச் சில மாதம் கிடைக்காத மருந்துகள் எல்லாம் சேர்ந்து, மருந்துக்கு மசியாத கிருமிகளை வளர்த்துவிட்டன. ஐசோநியாசிட், ரிபாம்பிசின் இரண்டுக்கும் மசியாத நோய் பல நாடுகளில் தலைதூக்கியது. அதன் முற்றிய வடிவத்தைத்தான் டுகேலா பெர்ரி கண்டது.

அப்படிப்பட்ட நோய் வந்தவர்களுக்கு, வலுக் குறைந்த பழைய மருந்துகளை இரண்டு ஆண்டு வரை கொடுக்க வேண்டியிருந்தது. மாதக் கணக்கில் தினமும் ஊசி. அந்த ஊசி சிலருடைய காதைச் செவிடாக்கியது!

புமெசா டிசிலே, தென் ஆப்பிரிக்காவின் கேப்டவுன் அருகே கயலிட்ஷா என்ற பகுதியைச் சேர்ந்தவர். 2010-இல் கல்லூரி மாணவியாக இருந்தபோது அவருக்குக் காசநோய் கண்டது. சாதாரண மருந்துகள் பலிக்கவில்லை. ஊசி போட்டார்கள். ஒரு நாள் அவருக்குக் காது கேட்கவில்லை. ஆயிரக் கணக்கான மாத்திரைகளை விழுங்கி, 2013-இல் நோயிலிருந்து மீண்டார். உயிர் பிழைத்தது. ஆனால் செவி போய்விட்டது. பின்னர், அறுவை சிகிச்சை செய்து காதில் கருவி பொருத்திய பிறகுதான் அவரால் மறுபடி ஒலிகளைக் கேட்க முடிந்தது.

கிருமியின் அடுப்பை அணைத்த மருந்து

டுகேலா பெர்ரியில் மக்கள் செத்துக்கொண்டிருந்த அதே 2005-ஆம் ஆண்டில், ஒரு நம்பிக்கைச் செய்தியும் வெளிவந்தது. அது பெல்ஜியம் நாட்டின் பீர்ஸே என்ற ஊரிலிருந்து வந்தது.

அங்கே யான்சென் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் கோன் ஆண்ட்ரிஸ் என்ற விஞ்ஞானி தம் குழுவோடு காசநோய்க்கு மருந்து தேடினார். காசநோய்க் கிருமியை ஆராய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. சாதாரணக் கிருமிகள் பல இருபது நிமிஷத்தில் ஒன்று இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமி இரண்டாக ஏறக்குறைய இருபது மணி நேரம் ஆகும். ஆகவே அதன் உறவுக்கார கிருமி ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அது வேகமாக வளரும். அதனால் ஆபத்தும் குறைவு. அதன் மீது பல வகை ரசாயனப் பொருள்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு வகை, கிருமியை அடக்கியது. அதைத் திருத்தித் திருத்தி உருவாக்கிய மருந்துதான் பெடாகுவிலின்.

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது?

ஐசோநியாசிட், கிருமியின் வெளிச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. ரிபாம்பிசின், கிருமி தனக்கு வேண்டிய பொருள்களைச் செய்துகொள்ளப் பிறப்பிக்கும் உத்தரவுகளைத் தடுக்கிறது. பெடாகுவிலின் நேரே கிருமியின் சமையல் கட்டுக்குள் புகுந்து, அடுப்பை அணைக்கிறது! உயிர் வாழத் தேவையான சக்தியை உண்டாக்கும் நுண்ணிய இயந்திரம் ஒன்று கிருமிக்குள் இருக்கிறது. பெடாகுவிலின் அந்த இயந்திரத்தைச் சுழல விடாமல் பிடித்துக்கொள்கிறது. பெருகாமல் உறங்கிக் கிடக்கும் கிருமிக்கும் சக்தி வேண்டும் அல்லவா? ஆகவே உறங்கும் கிருமியும் சாகிறது. பழைய மருந்துகளுக்கு மசியாத கிருமிகளும் இதற்கு மசிந்தன. இந்தத் தாக்குதலை அவை அதுவரை பார்த்ததே இல்லை.

தென் ஆப்பிரிக்காவில் 47 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். 2009-இல் முடிவு வந்தது. வழக்கமான மருந்துகளோடு இதையும் சாப்பிட்டவர்களில், எட்டு வாரத்தில் 100-க்கு 48 பேருடைய சளியில் கிருமி இல்லை. இதைச் சாப்பிடாதவர்களில் 100-க்கு 9 பேருக்குத்தான் அந்த நிலை.

2012 டிசம்பரில் அமெரிக்க அரசாங்கம் பெடாகுவிலினை அனுமதித்தது. ஆனால் அது குறை இல்லாத மருந்து அல்ல. சிலருக்கு இதயத் துடிப்பில் மாறுதல் உண்டாகலாம். ஆகவே இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, டாக்டர் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும்.

மூன்று மருந்து, ஆறு மாதம்

ஒரு காவலாளி போதாது என்ற பாடத்தை மருத்துவ உலகம் மறக்கவில்லை. பெடாகுவிலினுக்குத் துணை தேடினார்கள்.

அந்தத் துணை மருந்து ஒன்றின் வேர் இந்தியாவில் இருக்கிறது! 1980-களில் பம்பாயில் இருந்த ஒரு மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் கே. நாகராஜன் முதலான விஞ்ஞானிகள் ஒரு புதிய ரசாயன வகையைச் செய்தார்கள். அது காசநோய்க் கிருமியைக் கொன்றது. ஆனால் உயிரணுக்களுக்குக் கேடு செய்யும் குணம் அதற்கு இருந்ததால் கைவிட நேர்ந்தது. பிற்காலத்தில் அமெரிக்க விஞ்ஞானிகள் அதே குடும்பத்தில், அந்தக் கேடு இல்லாத ஒன்றைக் கண்டார்கள். அதுதான் பிரெட்டோமனிட். லாப நோக்கம் இல்லாத ஒரு ஸ்தாபனம் அதைப் பொறுப்பேற்று வளர்த்தது. 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மூன்றாவது துணை லினசோலிட். வேறு நோய்களுக்கு வந்த மருந்து அது.

இந்த மூன்றையும் சேர்த்து, தென் ஆப்பிரிக்காவில் 109 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். டுகேலா பெர்ரியில் 53 பேரில் ஒருவரை மட்டும் விட்டுவைத்த நோயின் வகையைச் சேர்ந்தவர்களே அவர்களில் பெரும்பாலோர். ஊசி கிடையாது. மாத்திரை மட்டும். ஆறு மாதச் சிகிச்சை.

2020-இல் முடிவு வெளியாயிற்று. 109 பேரில் 98 பேர் குணம் அடைந்தார்கள்!

இதற்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. லினசோலிட் மருந்தால் பலருக்குக் கை கால் நரம்புகள் மரத்துப் போயின. அடுத்த சோதனையில் அந்த மருந்தின் அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். தொல்லை குறைந்தது. குணம் குறையவில்லை. 2022-இல் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தச் சிகிச்சையை நாடுகளுக்குச் சிபாரிசு செய்தது. மாக்சிபிளாக்சசின் என்ற நாலாவது மருந்தையும் பலருக்குச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. 2024 செப்டம்பரில் இந்திய அரசாங்கமும் இதை ஏற்றுக்கொண்டது.

இரு பெண்களின் வழக்கு

மருந்து வந்தால் போதுமா? ஏழைக்கு எட்டவேண்டாமா?

பெடாகுவிலினைத் தயாரிக்கும் தனி உரிமை கண்டுபிடித்த கம்பெனியிடம் இருந்தது. இந்தியாவில் அந்த உரிமை 2023 ஜூலையில் முடிய இருந்தது. அதை மேலும் நீட்டிக்க கம்பெனி இன்னொரு காப்புரிமை கேட்டது. அதைக் கொடுக்கக் கூடாது என்று இரண்டு பெண்கள் எதிர் மனு போட்டார்கள். ஒருவர் முன்னே சொன்ன புமெசா டிசிலே. மற்றவர் இந்தியாவைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன். அவரும் காசநோயிலிருந்து மீண்டவர். அவரும் ஊசி மருந்தால் செவித்திறனை இழந்தவர்!

தங்களுக்கு வந்த கஷ்டம் பிறருக்கு வரக்கூடாது என்று அந்த இருவரும் போராடினார்கள். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. மற்ற கம்பெனிகளும் அந்த மருந்தைத் தயாரிக்க வழி பிறந்தது. விலையும் இறங்கியது.

குடும்பத்தின் கையில் இருக்கிறது

கதை இதோடு முடிந்துவிட்டதா? இல்லை.

பெடாகுவிலினுக்கும் மசியாத கிருமிகள் சில நாடுகளில் தென்படத் தொடங்கிவிட்டன. ஒரு மருந்தைக் கண்டுபிடித்து நோயாளியின் கைக்குக் கொண்டுவரப் பல ஆண்டு ஆகிறது. அதைக் கெடுக்கச் சில மாத அஜாக்கிரதை போதும். 2023-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 12½ லட்சம் பேர் காசநோயால் இறந்தார்கள். அதே ஆண்டில் ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு, முக்கியமான மருந்துக்கு மசியாத காசநோய் புதிதாகக் கண்டது.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் சில விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்க வேண்டும். மாலை வேளையில் காய்ச்சல், உடம்பு இளைத்தல், சளியில் ரத்தம் ஆகியவை இருந்தால் தாமதிக்கவே கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சோதனையும் மருந்தும் இலவசம்.

மருந்து தொடங்கிய சில வாரங்களில் உடம்பு தேறும். பசி எடுக்கும். ‘குணமாகிவிட்டது, இனி எதற்கு மாத்திரை?’ என்று தோன்றும். அந்த நேரம்தான் ஆபத்தான நேரம்! வெளியே தெரியும் நோய் போயிருக்கும். உள்ளே உறங்கும் கிருமி போயிருக்காது.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? குமட்டலா? கண் மங்குகிறதா? காதில் இரைச்சலா? கால் மரக்கிறதா? உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாமாகவே நிறுத்தக் கூடாது. டாக்டர் மாற்று மருந்து தருவார்.

பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்ட மருந்தை வாங்கிச் சாப்பிடுவதும், ஜலதோஷத்துக்கெல்லாம் கடையில் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்குவதும் அறவே கூடாது.

நோயாளியை ஒதுக்கி வைப்பதும் தவறு. ஒதுக்கினால் அவர் நோயை மறைப்பார். மறைத்தால் மருந்து தவறும். சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களில் இருமும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் காற்றும் வெளிச்சமும் வரவேண்டும். பிறகு அவர் எல்லோரையும் போல் வாழலாம்.

அன்று சென்னையில் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் மாத்திரை எண்ணினார்கள். அந்த வேலையை வீட்டில் உள்ளவர்களே செய்யலாம். தாயோ, மனைவியோ, மகனோ ஒருவர் தினமும் ஒரே நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் கொடுத்து, விழுங்கும் வரை பக்கத்தில் நிற்கட்டும். கடைசி அட்டையின் கடைசி மாத்திரை வரை அப்படி நிற்கட்டும்.